கண்ணையன் சொல்லிச் செய்த கிட்டார்

சொல்லிச் செய்கிறவர் என்று ஒரு பிறவி உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பித்திருந்தால் கவலை வேண்டாம், அவரே ஒருநாள் உங்களைத் தேடி வந்து, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்றொரு காலின் செருப்பைக் கழற்றி உங்கள் மூக்குக்கு நேரே பிடித்து, “இது கடையில வாங்கினது இல்லீங்க, சொல்லிச் செஞ்சது” என்பார். கடையில் வாங்குவது அவருக்குக் கேவலம். கடைக்காரன் யாரோ ஒருவனுடைய காலை நினைத்துச் செருப்பு தைக்கிறான், யாரோ ஒருவனுடைய முதுகை நினைத்து நாற்காலி செய்கிறான். அதில் போய் நாம் காலை விடுவதா, முதுகைச் சாய்ப்பதா? ஆகவே அவர் சொல்லிச் செய்வார். நாற்காலியைச் சொல்லிச் செய்வார், வெற்றிலைப் பெட்டியைச் சொல்லிச் செய்வார், பல்பொடியைக்கூட நாட்டு மருந்துக் கடையில் அரை நாள் உட்கார்ந்து இத்தனை கிராம்பு, இத்தனை படிகாரம் என்று எண்ணிப் போட்டு இடிக்கச் சொல்வார். அந்தப் பொடியால் பல் தேய்ப்பாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஏனென்றால் இந்தப் பிறவிக்கு இரண்டு பருவங்கள். முதல் பருவத்தில் சொல்லிச் செய்வார். இரண்டாம் பருவத்தில் செய்ததைக் காப்பாற்றுவார். யாரிடமிருந்து? வெயிலிடமிருந்து, மழையிடமிருந்து, எலியிடமிருந்து, மச்சினனிடமிருந்து, எல்லாருக்கும் மேலாக அதை உபயோகிக்கத் தெரிந்த எவனிடமிருந்தும். நாற்காலிக்கு உறை வரும். உறை அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டு வரும். துண்டு கசங்காமல் இருக்க நாற்காலி சுவரோரமாகக் கவிழ்த்து வைக்கப்படும். விருந்தாளி பாயில் உட்காருவார். புதுக் குடை வந்தால் ஒரு மாதம் வெயிலில் பழக்கிய பிறகுதான் மழைக்குக் கொண்டுபோவார். அதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும்.

விழுப்புரத்தில் எங்களுக்கு வாய்த்தவர் கண்ணையன். விக்கிரவாண்டிப் பக்கம் சொந்த நிலம், ரயிலடிக்கு அருகே மல்லாட்டை (உங்களுக்கு நிலக்கடலை) மண்டி, கனத்த சரீரம், அதைவிடக் கனத்த நல்ல மனசு. இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. இந்த வகை மனிதர்கள் கெட்டவர்களாக இருந்துவிட்டால் நமக்கு எவ்வளவோ சௌகரியம். ஒரே ஏச்சில் விஷயம் முடிந்துவிடும். இவர்கள் நல்லவர்கள். அதுதான் பேஜாரு.

நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலமானால் ஆர்மோனியம். எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கண்ணையனின் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே ஒத்திகை. இடமும் காப்பியும் அவர் உபயம். அந்தக் குழுவில் உண்மையாகவே சங்கீதம் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான், அவன் சவுரிராயன். ரயில்வே ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி வாரிப் போடுகிற வேலை. ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவர், தம்முடைய பேஸ் கிட்டாரை அவன் கையில் கொடுத்து வாசிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். பேஸ் கிட்டார் என்றால் தெரியும் அல்லவா? நாலே தந்தி. பாட்டின் அடியில் கும் கும் என்று நடந்து வருமே, அது. அது இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் என் ஆர்மோனியம் இருமுவதும் பாடகர் மூச்சு வாங்குவதும் பட்டவர்த்தனமாகக் கேட்கும்.

அறுபத்தாறாம் வருஷம் அந்தக் கார்டு குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். கிட்டாரும் கிளம்பியது. ரயிலடியில் வழியனுப்பிவிட்டுத் திரும்பிய சவுரிராயன் மண்டியில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கைகளை மடியில் போட்டுக்கொண்டான். கண்ணையன் அதைப் பார்த்தார். அவருக்குத் தாங்கவில்லை.

“இதுக்கு ஏன்டா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? நான் செஞ்சு தர்றேன். கடையில விக்கிற சரக்கு இல்ல, சொல்லிச் செய்யலாம். உனக்குன்னே செய்யலாம்.”

சவுரிராயன் எழுந்து நின்று கும்பிட்டான். எங்களுக்கெல்லாம் கண் கலங்கியது. எனக்கு மட்டும், அந்தக் கவிழ்த்து வைத்த நாற்காலி லேசாக நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

புதுச்சேரியில் வயலின், மாண்டலின் எல்லாம் பழுது பார்க்கிற தேவசகாயம் என்பவர் இருந்தார். கிட்டார் செய்யும் வேலை அவரிடம் போயிற்று. பலா மரத்தில் உடம்பு, தந்தி பம்பாயிலிருந்து. “எட்டு மாசமாவது ஆவுங்க” என்றார் அவர். சாதாரண மனிதன் என்ன செய்வான்? எட்டு மாதம் காத்திருப்பான். சொல்லிச் செய்கிறவருக்குக் கை சும்மா இருக்காது. கிட்டார் வருவதற்குள் அதற்குப் பெட்டி தயாராக இருக்க வேண்டாமா? புள்ளை பிறக்கிற முன்னாடியே தூளி கட்டுறதில்லையா என்று கேட்டார் கண்ணையன். வண்டியும் கதவும் செய்கிற விருத்தாசலம் ஆசாரியை வரவழைத்தார். எந்த அளவில் பெட்டி? கண்ணையன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஆசாரி அந்த அகலத்தை நூல் பிடித்துக்கொண்டு போனார்.

பெட்டி ஆடியிலேயே வந்துவிட்டது. தேக்குப் பலகை, பித்தளை முனைகள், உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. கிட்டார் பங்குனியில்தான் வந்தது. அதாவது வரத் தயாராக இருந்தது. பெட்டியின் உள்ளளவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கண்ணையனும் சவுரிராயனும் நானும் புதுச்சேரி போனோம். தேவசகாயம் கிட்டாரைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். பலாப்பழத்துச் சுளையின் நிறம். கண்ணையன் அதைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து அளவுகோலை எடுத்தார்.

“மூணு அங்குலம் மிஞ்சுதே” என்றார்.

“எதுக்குங்க மிஞ்சுது?”

“பெட்டிக்கு. கழுத்துல ஒரு மூணு அங்குலம் கொறைச்சிடு.”

தேவசகாயம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு அவரை நிதானமாகப் பார்த்தார். “கழுத்த கொறைச்சா சுருதி நிக்காதுங்க. இந்த வயசுல எனக்கு அந்தப் பாவம் வேணாம். பெட்டிய பெருசு பண்ணிக்குங்க.”

“தேக்குங்க அது.”

“இது பாட்டுங்க” என்றார் தேவசகாயம்.

இந்தப் பேச்சு வார்த்தை நடந்துகொண்டிருந்தபோது சவுரிராயன் யாரையும் கேட்காமல் கிட்டாரை இறக்கி, கடை ஓரத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தந்திகளை முறுக்கிச் சரிசெய்து வாசிக்க ஆரம்பித்துவிட்டான். கால் மணி நேரம் வாசித்திருப்பான். தெருவில் சைக்கிளில் போன இரண்டு பேர் இறங்கி நின்றார்கள். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அந்த மாதிரி ஒரு கும்மென்ற சுகத்தை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை. கண்ணையன் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, சொன்னார்:

“போதும்டா சவுரி. தேஞ்சிடப் போவுது.”

முதல் பெட்டியில் அவர் மனைவி கிருஷ்ணவேணியம்மாள் வடகமும் அப்பளமும் போட்டு வைத்துக்கொண்டார். “எலி பூராத பெட்டி, நல்லாத்தான் கீது” என்று அந்த அம்மாள் மட்டும் இந்த விவகாரத்தில் முழுத் திருப்தி தெரிவித்தார். இரண்டாவது பெட்டி தொடங்கிற்று. அது முடிகிற வரையில் கிட்டார் எங்கே இருப்பது? திறந்த வெளியிலா? கண்ணையன் வீட்டு அலமாரியில், ஒரு ஃபிளானல் உறை, அதன்மேல் ஒரு துருக்கித் துண்டு, அதன்மேல் ஒரு ஜமுக்காளம் சுற்றிப் படுக்கவைக்கப்பட்டது. பிரசவித்த பெண்ணைக்கூட அப்படிப் போர்த்தியிருக்க மாட்டார்கள்.

சவுரிராயன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒத்திகை முடிந்ததும் ஒரு மாதிரி நெளிந்துகொண்டு கேட்பான்.

“மொதலாளி, ஒரு அஞ்சு நிமிசம் எடுத்துப் பாக்கட்டுங்களா?”

கண்ணையன் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. இதைக் கவனியுங்கள். இந்தப் பிறவி முடியாது என்று சொல்லவே சொல்லாது. “உனக்குத்தான்டா அது. நான் இன்னா வாசிக்கவா போறேன்?” என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு, இப்போது ராகுகாலம் என்பார். ராகுகாலம் இல்லாத வாரம் ஈரக்காற்று அடிக்கும், மரம் உப்பிவிடும். காற்று அடிக்காத வாரம் அவன் கையைத் திருப்பிப் பார்த்து, “கரி இன்னும் போவல பாரு, சோப்பு போட்டுத் தேச்சுக்கினு அடுத்த வாரம் வா” என்பார். அவனும் தோல் உரியத் தேய்த்துக்கொண்டு அடுத்த வாரம் வருவான். கரி வாருகிறவன் கையில் கரி எப்படிப் போகும்? புரட்டாசியில் இரண்டாவது பெட்டி வந்து சேர்ந்தது, நல்ல காலம் பிறந்தது என்று நினைத்தோம். ஆயுத பூஜை குறுக்கே வந்தது. கிட்டாருக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துப் பூஜையில் வைத்தார். பூஜையில் வைத்ததைத் தொடலாமா? மறுநாள் எடுத்து, குங்குமம் மரத்தில் இறங்கிவிட்டதா என்று ஒரு வாரம் ஆராய்ந்தார்.

நடுவில் நானும் அவனிடம், “பெரியவர் மனசு நோகக் கூடாது, கொஞ்சம் பொறுத்துக்க” என்று சொன்னவன்தான். காப்பி குடித்துக்கொண்டே சொன்னேன்.

அவன் பொறுத்தான். ஷெட்டில் ஒரு பலகையில் ஆணி அடித்து நாலு கம்பி இழுத்துக் கட்டி, சாப்பாட்டு நேரத்தில் விரலைப் பழக்கிக்கொண்டிருந்தான். சத்தம் வராது. எங்கள் பக்கம் மின்சார எஞ்சின் வந்துவிட்டதனால் கரி வாருகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்போது ஒரே பேச்சு. அவனுக்கு இரண்டு குழந்தைகள், கூடவே அவன் அம்மா சவுரியம்மாள். “இந்தக் கை கரிக்கு வேணாம்னுட்டா அப்புறம் எதுக்கு சார் ஆவும்?” என்று என்னிடம் ஒருநாள் கேட்டான். மெட்ராசுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

மெட்ராசில் பெரிய மெல்லிசைக் குழு நடத்திக்கொண்டிருந்த ராஜாமணி எனக்குத் தூரத்துப் பழக்கம். அவர் குழுவில் பேஸ் வாசிப்பவர் பம்பாய்க்குப் போகப்போவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பதில் உடனே வந்தது. கார்த்திகையில் திண்டிவனத்தில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், சாயங்கால வரவேற்புக்கு எங்கள் விழுப்புரம் குழுவையே ஏற்பாடு செய்திருக்கிறார்கள், அவர் வருகிறார், ஆறரை மணி ரயிலுக்குத் திரும்பவேண்டும், அதற்குள் பையன் நாலு பாட்டு வாசித்தால் போதும், சரியாக இருந்தால் தை மாதத்திலிருந்தே எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தார். சவுரிராயன் அந்தக் கடிதத்தை வாங்கி, படிக்காமல், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு வெளியே எடுத்து எட்டுத் தடவை படித்தான்.

கண்ணையனிடம் போனோம். அவர் மகிழ்ச்சியில் எழுந்தே நின்றுவிட்டார். “போய்ட்டு வாடா, உன்னோட கிட்டாரு, உன்னோட கச்சேரி” என்றார். இந்தத் தடவை ராகுகாலம் இல்லை, காற்று இல்லை, கரி இல்லை. “பெட்டிய நானே கட்டி அனுப்பறேன்” என்றார். எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா? மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

கல்யாணத்தன்று மற்றவர்கள் காலையிலேயே திண்டிவனம் போய்விட்டார்கள். நானும் சவுரிராயனும் மத்தியானம் மண்டிக்குப் போனோம். பெட்டி வாசலில் தயாராக இருந்தது. தேக்கின்மேல் காக்கி கான்வாஸ் உறை, அதன்மேல் கோணி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, முடிச்சுக்கு முடிச்சு அரக்கு முத்திரை. இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது.

“சாவிங்க?” என்றேன்.

“அதெப்படி, பெட்டியும் சாவியும் ஒரே வண்டியில போலாமா? நீங்க பஸ்ல பெட்டியோட ஜல்தி போங்க குமாஸ்தா சார். நான் சாவியோட ரயில்ல வந்துடறேன்.”

எப்பேர்ப்பட்ட முன்யோசனை. நாங்கள் தலையாட்டினோம்.

பெட்டியைப் பஸ்ஸின் கூரையில் ஏற்றினார்கள். சவுரிராயன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, ஏணியில் ஏறி, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கண்டக்டர் இரண்டு தடவை திட்டினார், மூன்றாவது தடவை அவரே ஏணியைக் காட்டினார். விக்கிரவாண்டியில் டீக்கடைக்காரர் அரக்கு முத்திரைகளை அண்ணாந்து பார்த்து, “இன்னா சார், மறுபடியும் எலெக்‌ஷனா? இப்பத்தானே ஓட்டு போட்டோம்” என்று கேட்டார். அங்கேதான் தூறல் பிடித்துக்கொண்டது. சவுரிராயன் மேலே ஏறினான். இறங்கும்போது உடம்பில் பனியன் மட்டும்தான் இருந்தது. கச்சேரிக்கென்று தைத்த புது வெள்ளைச் சட்டையை அவிழ்த்து, கான்வாசுக்கும் கோணிக்கும் மேலே விரித்துக் கட்டிவிட்டு வந்திருந்தான்.

“ஏம்பா, அதுக்குத்தான் ஏழு உறை கீதே” என்றேன்.

“இருக்கட்டும் சார். எட்டாச்சு” என்று சிரித்தான். கொஞ்ச தூரம் போனதும் சொன்னான்: “மேல காது வெச்சுக் கேட்டுப் பாத்தேன் சார். வண்டி இந்தக் குலுக்கு குலுக்குது, உள்ள ஒரு கம்பி ஒரு சத்தம் போடல. எம்மாம் பஞ்சு வெச்சிருக்காரு பாரேன். மொதலாளிய நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்.”

திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. கல்யாணப் பந்தலில் மைக்செட் கட்டியாகிவிட்டது. ராஜாமணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஈரச் சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு வந்து கும்பிட்டவனைப் பார்த்து, “இந்தத் தம்பியா?” என்று அன்பாகக் கேட்டார். சாவியோடு கண்ணையன் வந்து சேர நாலே முக்கால் ஆயிற்று. வந்தவர், பெட்டியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்து, முத்திரை முத்திரையாகத் தடவிப் பார்த்து, அரக்கை உடைத்து, கயிற்றை அவிழ்த்து, கோணியை மடித்து வைத்து, கான்வாசை மடித்து வைத்து, ஒரு பூட்டு, இரண்டாவது பூட்டு, மூன்றாவது பூட்டு என்று திறந்து மூடியைத் தூக்கினார். சவுரிராயன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

உள்ளே ஒரு சாக்கு மல்லாட்டை இருந்தது.

கழுத்து இருக்கவேண்டிய இடத்தில், தவிட்டுப் படுக்கையில், வரிசையாக நாலு கோழிமுட்டை.

கண்ணையன் குனிந்து ஒரு முட்டையை எடுத்தார். பந்தல் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவது, நாலாவது. அவர் முகம் மலர்ந்து மலர்ந்து போயிற்று.

“ஒண்ணுகூட கீறல. பாத்தீங்களா குமாஸ்தா சார்? சாக்கும் கிட்டாரு எடைக்குச் சரியா போட்டு வெச்சேன், ஒரு மல்லாட்டை ஒடையல.”

“கிட்டார் எங்கீங்க?” என்றேன்.

“வூட்ல பத்திரமா கீது. இன்னா இப்படிக் கேக்கறீங்க? கோயிலுக்குப் புதுத் தேர் செஞ்சா மொதத் தடவையே சாமிய ஏத்துவாங்களா? வெறுந்தேரைத்தானே வெள்ளோட்டம் வுடுவாங்க? புதுப் பெட்டி, புது ரோடு, பஸ்ஸு வேற. அச்சு முறிஞ்சா இன்னா பண்றது? இப்ப வெள்ளோட்டம் ஜம்முனு முடிஞ்சிடுச்சு. அடுத்த தபா தாராளமா ஏத்தலாம்.”

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் பக்கத்தில் எந்தக் கோயிலில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். தேருக்கு வெள்ளோட்டம் விட்டு ஒரு தேர் கெட்டதாகச் சரித்திரம் இல்லை. தேர் காத்திருக்கும், சாமியும் காத்திருப்பார். ஆறரை மணி ரயில் காத்திருக்குமா?

சவுரிராயன் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. ராஜாமணி எழுந்து வந்தார். பெட்டியைப் பார்த்தார், கண்ணையனைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை, பெரிய மனுஷர். திண்டிவனத்தில் வேறு கிட்டார் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். திண்டிவனத்தில் அன்றைக்கு ஏழு நாதஸ்வரம் கிடைத்திருக்கும். பேஸ் கிட்டாருக்கு எங்கே போவது? புதுச்சேரிக்கு ஆள் அனுப்பித் திரும்ப நேரமில்லை. நாங்கள் பேஸ் இல்லாமல் நாலு பாட்டு வாசித்தோம். என் ஆர்மோனியம் இருமியது. ராஜாமணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கிளம்பும்போது சவுரிராயனின் இடது கையை எடுத்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார்.

“காய்ப்பு காய்ச்சிருக்கு. உழைச்சிருக்கிற கை, தெரியுது. ஆனா கையை வெச்சுக்கிட்டு நான் எப்படித் தம்பி கேக்கறது?”

“ஒரே ஒரு நாள் டைம் குடுங்க சார். நானே மெட்ராஸ் வர்றேன்” என்றான் சவுரிராயன்.

“வா தம்பி. கிட்டாரோட வா. மார்கழி முடியறதுக்குள்ள வந்துடு” என்றுவிட்டு அவர் ரயிலுக்குப் போனார்.

மார்கழி முடிய நிறைய நாள் இருந்தது. அடுத்த ஞாயிறு அவன் கேட்டான். கண்ணையன், “உனக்குத்தான்டா அது” என்றார். ஆனால் மெட்ராஸ் பெரிய ஊர், பஸ்ஸில் பெட்டி தேறியதே தவிர ரயிலில் இன்னும் தேறவில்லை, ரயிலுக்குத் தனியாக ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடுவது உசிதம். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டான். அப்போது மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் புதுசாக எதையும் ஆரம்பிக்கலாமா? மூன்றாவது ஞாயிறு அவன் குரலை உயர்த்தினான். “மொதலாளி, அத நான் திங்கப் போறதில்ல, வாசிக்கத்தான் போறேன்” என்றான். கண்ணையனுக்கு முகம் விழுந்துவிட்டது. உனக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்ததற்கு இதுதான் பேச்சா என்று கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எல்லாரும் சவுரிராயனைத்தான் கோபித்துக்கொண்டோம். நானும்தான். இப்போது நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பொங்கல் கழித்து ராஜாமணியிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. வேறு ஆள் கிடைத்துவிட்டார், பையனிடம் பதமாகச் சொல்லவும் என்று இருந்தது. பதமாகத்தான் சொன்னேன். ஷெட்டு வாசலில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டான். “சரி சார்” என்றான். அந்த ஆணி அடித்த பலகை என்ன ஆயிற்று என்று, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காகக் கேட்டுவைத்தேன். அம்மா வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டதாகச் சொன்னான். அம்மா கேட்டார்களா, நீயே கொடுத்தாயா என்று நான் கேட்கவில்லை.

அவன் ஒத்திகைக்கு வருவதை நிறுத்தவில்லை, அதுதான் ஆச்சரியம். ஞாயிறுதோறும் வந்தான். மூட்டைமேல் உட்கார்ந்து எங்களுக்குத் தாளம் போட்டான், காப்பி குடித்தான், போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கிட்டார் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கண்ணையன் பெட்டியின் பித்தளை முனைகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார், அவன் அந்தப் பக்கம் திரும்பாமல் தாண்டிப் போவான். ஒருநாள் அவன் போன பிறகு கண்ணையன் என் தோளைத் தட்டினார்.

“கவனிச்சீங்களா? முன்னல்லாம் வாராவாரம் நச்சரிப்பான். இப்ப வாயத் தொறக்கறதில்ல. பக்குவம் வந்துடுச்சு பையனுக்கு.” அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பெற்ற மகன் தலையெடுத்துவிட்டான் என்றால் ஒரு தகப்பனுக்கு வருமே, அந்தப் பூரிப்பு.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். உங்கள் வீட்டு ரேடியோவுக்கு எத்தனை உறை, பீரோவில் எத்தனை புடவை மடிப்புக் கலையாமல் கிடக்கிறது என்றெல்லாம் நான் எண்ணிப் பார்க்க வரவில்லை. அது அவரவர் வீட்டு விஷயம். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் வீட்டில் ஒருவர், மனைவியோ, மகளோ, தம்பியோ, எதையோ ஒன்றை உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்களும் மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவர் இப்போது கேட்பதில்லை அல்லவா? எப்போதிலிருந்து?